போடிமெட்டு ஏற ஒரு முதல் பைக்

போடியிலிருந்து கேரளப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறவர்களிடம் "பைக் வாங்கப் போறேன்" என்று யாராவது சொன்னால், முதலில் வருகிற கேள்வி எத்தனை சிசி என்பது. அடுத்தது மைலேஜ். அப்புறம் தவணை எத்தனை மாதம். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் முதல்முறையாக கியர் வண்டி வாங்குகிறவர், அதுவும் எங்கள் மலைச்சாலையில் ஓட்டப்போகிறவர், இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. ஆள் நடக்கிற வேகத்தில் இந்த வண்டியை என்னால் ஓட்ட முடிகிறதா? ஏற்றத்தில் நிறுத்திக் கால் ஊன்றி மறுபடி கிளப்ப முடிகிறதா? எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இன்று விற்கிற எல்லா வண்டியும் ஓரளவு நன்றாகவே ஓடும். ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் நமக்குப் பொருந்துகிற வண்டி எது, பொருந்தாதது எது என்று தெரியும்.

சாலையைச் சொல்லிவிட்டு வண்டிக்கு வருகிறேன். முந்தல் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஊருக்கும் மெட்டுக்கும் இடையில் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறோம். மேலே செக்போஸ்ட்டைத் தாண்டினால் பூப்பாறை, ஆனையிறங்கல், பெரியகானல், அப்புறம் மூணாறு. போடிமெட்டிலிருந்து மூணாறு வரையிலான 42 கி.மீ. சாலையை அகலப்படுத்தியாயிற்று, அங்கே நிம்மதியாக மேல் கியரில் போகலாம். கீழே நம் பக்கத்து மலைச்சாலையில் அது நடக்காது. விடிந்தும் விடியாததுமாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் வரிசையாக மேலே போகும். சாயங்காலம் அதே ஜீப்புகள் வீடு திரும்பும் அவசரத்தில் இறங்கும். நடுவில் பேருந்து, லாரி, சுற்றுலா வேன். வளைவில் ஒரு பேருந்து திரும்பினால் முழுச் சாலையும் அதற்குத்தான். பின்னால் வருகிற நீங்கள் ஏற்றத்திலேயே நின்று, அது போனபின் கிளம்ப வேண்டும்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் இங்கே பெரும்பாலும் விழுவது அந்த இடத்தில்தான். வேகமாகப் போய் விழுவதில்லை. நின்ற வண்டி சாய்கிறது, அல்லது கிளம்புகிற நேரத்தில் இன்ஜின் அணைந்து சாய்கிறது. அதிலும் இடப்பக்கம் திரும்புகிற வளைவுகள் மோசம். நாம் சாலையின் இடப்பக்கமாகப் போகிறோம். அதனால் இடது வளைவில் உள்விளிம்பு நமக்கு வந்துவிடும். வளைவின் உள்விளிம்பில்தான் ஏற்றம் மிகச் செங்குத்தாக இருக்கும். சாலையும் உள்பக்கம் சரிந்திருக்கும். வலது கால் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதால் ஊன்றுவதற்கு இடது கால்தான் இருக்கிறது. அந்தப் பக்கம்தான் தரை பள்ளத்தில் இருக்கிறது. சமதளத்தில் ஷோரூம் வாசலில் குதிகால் வரை எட்டின கால், அங்கே பெருவிரல் நுனியில் நிற்கும். வண்டி ஒரு விரற்கடை கூடுதலாகச் சாய்ந்தால் போதும், அப்புறம் அதைத் தாங்கிப் பிடிப்பது உடல்பலத்தின் கையில்.

ஆகவே எடையும் இருக்கை உயரமும் புதியவருக்கு முதல் இரண்டு எண்கள். விவரப்பட்டியலில் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் படியுங்கள். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ, இருக்கை 785 மில்லிமீட்டர். ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350-இன் இருக்கை 790, ஸ்பிளெண்டருக்குக் கிட்டத்தட்ட சமம், ஆனால் எடை 181 கிலோ. அதாவது 69 கிலோ அதிகம். அதே கம்பெனியின் கிளாசிக் 195 கிலோ, இருக்கை 805. யமஹா எம்டி-15 எடையில் 141-தான், ஆனால் இருக்கை 810. கேடிஎம் டியூக் 200-இல் இருக்கை 822. இந்த எண்களை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. இருக்கை அகலமாக இருந்தால் தொடை விரிந்து, உயரம் குறைவான வண்டிகூட எட்டாது. ஒல்லியான இருக்கை என்றால் 800-க்கு மேல் இருந்தும் எட்டிவிடும். உட்கார்ந்து பார்க்காமல் தெரியாது. உட்காரும்போது தினமும் போடப்போகிற செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும்.

என் அக்கா மகளுக்குப் பூப்பாறையில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிற வேலை கிடைத்தது. ஜீப்புக்கு நேரம் ஒத்துவரவில்லை, பேருந்தை நம்ப முடியவில்லை, வண்டி வேண்டும் என்றாள். "ஸ்கூட்டி வாங்கிக் குடுத்துரலாமே தம்பி, பொம்பளப் புள்ளைக்கு அது போதாதா?" என்றாள் அக்கா. நான் ஆணா பெண்ணா என்று பார்த்து மறுக்கவில்லை. மலையைப் பார்த்துத்தான் மறுத்தேன். போடிக்குள் கடைவீதிக்கும் கோயிலுக்கும் போய்வர ஸ்கூட்டர் அருமையான வண்டி. ஆனால் தினமும் ஆயிரம் மீட்டர் இறங்கி வருகிறவருக்கு இன்ஜின் பிடித்துக்கொடுக்கிற பிரேக் வேண்டும். கியர் வண்டியில் இரண்டாவது கியரைப் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரில் பெல்ட் வழியாக வருகிற அந்தப் பிடிப்பு குறைவு. இறக்கம் முழுக்க இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். சூடான டிரம் பிரேக் மெல்ல மெல்லப் பிடிப்பை இழக்கும். சக்கரமும் சின்னது, குழியில் இறங்கினால் ஆட்டம் அதிகம்.

அக்காவுக்கு இதைச் சொன்னதும் புரிந்தது. மலையில் பிரேக் சூடாகி வாடை அடித்த ஜீப்பில் உட்கார்ந்து வந்தவள் அவள்.

அதன்பிறகு வண்டி பார்க்க ஆரம்பித்தோம். ஒரு ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று மெயின் ரோட்டில் நேராகப் போய்த் திரும்பிவரச் சொன்னார்கள். அதில் தெரிகிறது ஒன்றுமில்லை. அதனால் தெரிந்தவர்களின் வண்டிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏற்றமாக ஒரு சந்து இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுக்கு ஈடாகாது, ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும். முதலில் இன்ஜினைப் போடாமல் வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். பிறகு ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புவது. பின் பிரேக்கை மிதித்தபடி கிளட்சைப் பாதி விட்டு, இன்ஜின் சத்தம் கொஞ்சம் அடங்குகிற இடத்தில் பிரேக்கை விட வேண்டும். பிறகு சந்து முனையில் கால் ஊன்றாமல் யூ டர்ன்.

ஹண்டரில் ஏறினவுடன் அக்கா மகளின் முகம் மலர்ந்தது. யாருக்குத்தான் பிடிக்காது. கால் நன்றாக எட்டியது, சத்தம் கம்பீரமாக இருந்தது, ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பியதும் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. பின்னால் தள்ளுகிற இடத்தில்தான் மாட்டிக்கொண்டாள். சந்தின் சரிவில் கீழ்நோக்கி நின்ற வண்டியைப் பின்பக்கமாக ஏற்ற முடியவில்லை. "மாமா, இது என்னோட சண்டை போடுது" என்றாள். ஸ்பிளெண்டரில் எல்லாமே எளிது. தள்ளினாள், திருப்பினாள், கால் ஊன்றினாள். பின்னால் நான் ஏறி உட்கார்ந்ததும் அதே சந்தில் முதல் கியரிலேயே திணறியது.

அந்தத் திணறலுக்குக் காரணம் உண்டு. ஸ்பிளெண்டர் இன்ஜின் 97.2 சிசி, தருகிற சக்தி சுமார் 8 குதிரைசக்தி. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் காற்றின் அடர்த்தி குறைந்து இன்ஜின் சக்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். பெட்ரோலை அளந்து கொடுக்கிற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் 2020-இல் பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு சின்ன வண்டிகளிலும் வந்துவிட்டது. காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ள அதற்குத் தெரியும். இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது. மெட்டுக்குப் பக்கத்தில் அந்த 8, ஏழாகச் சுருங்கிவிடும். ஒற்றை ஆளாகப் போனால் அதுவே போதும். எங்கள் பகுதியில் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்காக அதிலேதான் ஏறி இறங்குகிறார்கள், கெட்டுப்போனால் எந்தச் சின்ன ஊரிலும் சாமான் கிடைக்கும். பின்னால் ஓர் ஆளும் ஒரு மூட்டையும் என்று ஆனால் பின்னால் வருகிற ஜீப்பின் ஹாரனைக் கேட்டுக்கொண்டே ஏற வேண்டியிருக்கும். அந்த ஹாரன்தான் புதியவரைப் பதற வைத்துத் தப்பான கியரில் மாட்டிவிடுவது.

சக்தி எவ்வளவு என்பதோடு அது எங்கே கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதை விற்பனையாளர்கள் சொல்வதே இல்லை. யமஹாவின் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எம்டி-15-இல் 155 சிசி இன்ஜின், 18.4 குதிரைசக்தி, அது முழுதாகக் கிடைப்பது நிமிடத்துக்கு 10,000 சுற்றில். எஃப்இசட்-எஸ்ஸில் 149 சிசி, 12.4 குதிரைசக்திதான். காகிதத்தில் முதலாவது எங்கோ இருக்கிறது. ஆனால் இழுவிசையைப் பாருங்கள். எம்டி-15 தருவது 14.1 நியூட்டன் மீட்டர், 7,500 சுற்றில். எஃப்இசட்-எஸ் 13.3, அதுவும் 5,500 சுற்றிலேயே. வித்தியாசம் ஒன்றுக்கும் குறைவு, கிடைப்பதோ இரண்டாயிரம் சுற்று முன்னால். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் இன்ஜின் அடித்தொண்டையில் பேசிக்கொண்டிருக்கும்போது கைகொடுப்பது இந்த இரண்டாவது வகை. கிளட்ச் விடுவதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் அணைந்துபோகாமல் பொறுத்துக்கொள்ளும். எம்டி-15 மோசமான வண்டி என்று சொல்லவரவில்லை. அதன் கிளட்ச் லிவர் பஞ்சு மாதிரி லேசானது, அனுபவப்பட்டவர் கையில் அதே வளைவுகளில் துள்ளிக்கொண்டு போகும். முதல் வண்டியாக, இந்தச் சாலைக்கு, என் ஓட்டு எஃப்இசட்டுக்குத்தான்.

யூ டர்ன் பற்றி ஒரு வார்த்தை. சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் போய்வருகிறவர்களுக்கு யானையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2023-இல் அரிக்கொம்பனைப் பிடித்து பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மலையிறங்கிக் கம்பம் வீதிக்கே வந்து நின்றதை நாடே பார்த்தது. அந்த ஒரு யானை போய்விட்டதால் மற்ற யானைகள் சாலையைக் கடக்காமல் இருப்பதில்லை. மங்கலான நேரத்தில் வளைவைத் தாண்டியதும் எதிரே நின்றால், சத்தமில்லாமல் அந்த அகலத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வரத் தெரிய வேண்டும். முன்பக்கம் முழுக்க மூடிய ரேஸ் மாதிரி வண்டிகளில் ஹேண்டில் அதிகம் திரும்பாது. ஒரே வீச்சில் திருப்ப முடியாமல் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். ஹேண்டில் அகலமாக, நிமிர்ந்து உட்காரும்படி உள்ள சாதாரண வடிவ வண்டியே புதியவருக்கு நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி பிரேக். பணத்தை எங்கே கூட்டிக் கொடுக்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் இங்கே என்பேன். 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது. 125 சிசி வரை சிபிஎஸ் போதும் என்று விட்டார்கள். சிபிஎஸ் என்பது பின் பிரேக்கை மிதிக்கும்போது முன் பிரேக்கையும் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கிற ஏற்பாடு, அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதை அது தடுக்காது. ஏபிஎஸ் தடுக்கும். ஈரத்தில், மணல் சிதறிய இடத்தில், பயந்து லிவரை இறுக்கிப் பிடிக்கிற புதியவருக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. பைக் நிற்பதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பிரேக் பிடித்ததும் எடையெல்லாம் முன்னால் சாய்கிறது, இறக்கத்தில் இன்னும் அதிகமாகவே சாய்கிறது. அப்படியிருந்தும் முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும் என்று சொல்லிக்கொடுக்கிற பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் உண்டு. அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் அதைக் கேட்டுப் பழகின கை அவசரத்தில் முன் லிவரைத் தேடாது. மெதுவாக, படிப்படியாக அழுத்தப் பழகுங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வண்டி சாய்ந்திருக்கும்போது ஏபிஎஸ் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

விலை குறைந்த மாடல்களில் சிங்கிள் சேனல் ஏபிஎஸ் இருக்கும், முன் சக்கரத்துக்கு மட்டும். பின் சக்கரம் பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. டூயல் சேனல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சிங்கிள் சேனலே போதும், ஏனென்றால் முன் சக்கரம் வழுக்கினால்தான் மீட்பது கடினம். 125 சிசிதான் கட்டுப்படியாகும் என்கிறவர்களுக்கு ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர்-இல் ஏபிஎஸ் உள்ள மாடல் உண்டு. எடை 136, இருக்கை 794. மலையில் போகப்போகிற பிள்ளைக்கு, ஏபிஎஸ் இல்லாத பெரிய திரை மாடலைவிட ஏபிஎஸ் உள்ள சாதாரண மாடல் மேல்.

பிரேக் பற்றிப் பேசும்போது, இங்கே வழக்கமாகிவிட்ட ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று மெட்டிலிருந்து நியூட்ரலில் இறக்குகிறார்கள். சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். உயிருக்கு ஆபத்து என்று சொன்னால் சிரிப்பார்கள், அதனால் பெட்ரோல் கணக்கையே சொல்கிறேன். இன்ஜெக்‌ஷன் உள்ள பெரும்பாலான வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு இறங்கினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோலைக் குடிக்கும். கியரில் இறங்குகிறவருக்குப் பெட்ரோலும் மிச்சம், பிரேக் ஷூவும் மிச்சம். ஏறுவதற்கு எந்த கியரோ இறங்கவும் அதே கியர் என்று லாரிக்காரர்கள் சொல்வது பைக்குக்கும் பொருந்தும். அப்புறம், செங்குத்துச் சாலையில் இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். சாலை விதியே அதுதான். சுற்றுலா வண்டிக்காரர்கள் பாதிப்பேருக்கு இது தெரியாது, ஆகவே உரிமை நமக்கு இருந்தாலும் வளைவில் ஹாரன் அடித்து, ஓரத்தில் ஏறுங்கள்.

அக்கா மகள் கடைசியில் எஃப்இசட்-எஸ் எடுத்தாள். சந்தில் பின்னால் தள்ள முடிந்தது, கால் முழுசாக இல்லாவிட்டாலும் முன்பாதம் நன்றாக ஊன்றியது, முன்னால் ஏபிஎஸ், பின்னால் 140 அகல ரேடியல் டயர். பின்னால் அக்காவை வைத்துக்கொண்டு அதே சந்தில் சிணுங்காமல் ஏறியது. அவள் தம்பிக்கு இதில் ஏகப்பட்ட வருத்தம். பன்னிரண்டு குதிரைசக்திக்கு இவ்வளவு பணமா, டியூக் 200 என்றால் 25 வருமே என்று வீட்டையே சுற்றிச்சுற்றி வந்தான். அவன் ஆசையில் தப்பில்லை. வார இறுதியில் மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கூட்டமாக மூணாறு போகிற பெரிய வண்டிகளைப் பார்த்து வளர்கிற வயது. ஆனால் 25 குதிரைசக்தி வண்டியில் ஆக்சிலரேட்டரில் கை கொஞ்சம் அதிகம் திரும்பினாலே வண்டி பாய்ந்துவிடும். குழியில் இறங்கும்போது புதியவர் கை தன்னையறியாமல் திரும்பத்தான் செய்யும். அதைப் பொறுத்துக்கொள்கிற வண்டியில் கை பழகட்டும். இரண்டு வருஷம் கழித்து அவனே ஓட்டிப் பார்த்து வாங்கட்டும், நானே கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நூறிலிருந்து நூற்றைம்பது சிசி வரையிலான வண்டிகளுக்கு எப்போதும் ஆள் இருக்கிறார்கள், விற்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு எல்லை ஊரில் ஒரு சிக்கல் உண்டு. பூப்பாறையிலோ நெடுங்கண்டத்திலோ கேஎல் 69 வண்டி மலிவாக வரும். போடியில் குடியிருந்துகொண்டு அதையே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருக்கிற வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். கேரள ஆர்டிஓவிடம் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, நம் பக்கம் வரி கட்டி, டிஎன் 60 ஆக்க வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு காணாமல் போய்விடும். தவணை முடிந்து ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரை எடுத்தாயிற்றா, அபராதம் ஏதும் பாக்கி நிற்கிறதா என்று பரிவாகன் என்கிற அரசு இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். 2023 ஜூனிலிருந்து கேரளச் சாலைகளில் கேமரா வழியாக அபராதம் போடுகிறார்கள். ஹெல்மெட் போடாமல் பின்னால் உட்கார்ந்து போனவருக்கான அபராதமும் வண்டியின் பேரில்தான் நிற்கும். மலையில் ஓடின வண்டியில் கிளட்ச் பிளேட்டும் பிரேக் டிஸ்க்கும் முதலில் தேயும். டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் விளிம்பு தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பினால் நடுவில் எங்கும் கட்டித்தட்டி நிற்கக் கூடாது. ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் விலையைப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

புது வண்டி என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. 350-க்கு மேல் 40 சதவீதம். மிச்சமாகிற பணத்தில் அடுத்த பெரிய மாடலுக்குப் போகாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் இரண்டு, ஒன்று பின்னால் உட்காருகிறவருக்கு. கையுறை. ஷூவுக்குள் தண்ணீர் போகாத மழைக்கோட்டு. மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருஷத்துக்கு வண்டியோடு கட்டாயமாக வந்துவிடும். நம் வண்டிக்கு வருகிற சேதத்துக்கான பாலிசி தனி. முதல் இரண்டு வருஷமாவது அதை விடாமல் எடுங்கள், புதியவர் கையில் லிவரும் இண்டிகேட்டரும் உடையத்தான் செய்யும். சேலை கார்டு அசிங்கம் என்று கழற்றுகிற பையன்கள், வீட்டில் அம்மாவைப் பின்னால் உட்கார வைப்பவர்களாக இருந்தால், அதை மறுபடி மாட்டிவிடுங்கள். நிறம், டேங்க் ஸ்டிக்கர், புளூடூத் எல்லாம் உங்கள் விருப்பம்.

லைசென்ஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று. கியர் இல்லாத வண்டிக்கு எடுத்த லைசென்ஸ் கியர் வண்டிக்குச் செல்லாது. எல்எல்ஆர் போட்டு 30 நாள் கழித்து, கியர் வண்டியிலேயே எட்டுப் போட்டுக் காட்டி வாங்குங்கள். எட்டுப் போடுவதை ஒரு சடங்காக நினைத்துப் புரோக்கரிடம் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கால் ஊன்றாமல், கிளட்சைப் பாதி பிடித்து, பார்வையைப் போக வேண்டிய இடத்தில் வைத்து, நடக்கிற வேகத்தில் வண்டியைத் திருப்புவதுதான் எட்டு. போடிமெட்டின் 17 வளைவும் அதையேதான் கேட்கின்றன, ஏற்றத்தோடு சேர்த்து. அக்கா மகள் லைசென்ஸ் கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் எட்டுப் போட்டாள், முதலில் தனியாக, பிறகு தம்பியைப் பின்னால் வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு தேவாரம், கோம்பை பக்கம் சமவெளிச் சாலை. மெட்டு கடைசியில், அதுவும் ஜீப் இல்லாத நடுப்பகலில், நான் என் வண்டியில் பின்னால் வர.

புது வண்டியோடு வருகிற டயரை முதல் மழைக்காலத்துக்கு நம்பலாம். இரண்டாவது மழைக்கு முன்னால் பின் டயரின் பள்ளத்தில் இருக்கிற தேய்மான மேட்டைப் பாருங்கள். ரப்பர் அதன் மட்டத்துக்கு இறங்கியிருந்தால் ஓடுகிற வரை ஓடட்டும் என்று விடாதீர்கள். போடியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே மெட்டைத் தாண்டினதும் மழையும் மஞ்சும் நிற்கும் ஊர் இது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்குவது ஜூன் தொடக்கத்தில், ஆகவே மே மாதச் சம்பளத்திலேயே டயரை மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு முதல் நூறு கிலோமீட்டருக்குப் புது ரப்பர் வழவழப்பாக இருக்கும். அதைச் சமவெளியில் ஓட்டித் தீர்த்துவிட்டு மலை ஏறுங்கள்.